நேரில் காணாதவருக்கான துக்கம்

புகழ்பெற்ற ஒருவர் இறந்தால், அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்திராதவர்கள் அழுகிறார்கள். சோறு இறங்குவதில்லை, கடைகளின் கதவு பாதி இறக்கப்படுகிறது, தெருமுனையில் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் மாலை போட்ட படம் வைத்து ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். இறந்தவருக்கு இவர்கள் பெயர் தெரியாது, இவர்கள் இருப்பதே தெரியாது. ரத்த உறவும் இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை. இந்தத் துக்கம் எங்கிருந்து வருகிறது, இது உண்மையான துக்கம்தானா, இப்படித் துக்கப்படுவது முறையா என்ற மூன்று கேள்விகள் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதல் கேள்வியை உளவியலும் சமூகவியலும் சென்ற நூறாண்டில் கையில் எடுத்தன. மற்ற இரண்டையும் சமயங்கள் மிகப் பழங்காலம் முதலே கேட்டு வருகின்றன.

காணாமலே கொள்ளும் நட்பு தமிழ் மரபுக்குப் புதிதல்ல. கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு மூண்ட பகையால் மனம் வெறுத்து வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்து புலவர் பிசிராந்தையார் வருவார், அவருக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள் என்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. சுற்றியிருந்த சான்றோர் ஐயப்பட்டனர். பிசிராந்தையார் வந்தார், வடக்கிருந்து தாமும் உயிர்விட்டார். புறநானூறு இதை வியந்து பேசுகிறதே தவிர, பொய்யான பற்று என்று எங்கும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நட்பில் சோழனும் புலவரை அறிந்திருந்தான். இன்றைய ரசிகரின் நிலை அதற்கு ஒரு படி கீழே. இங்கே அறிந்திருப்பது ஒரு பக்கம் மட்டும்தான்.

இந்த ஒருதலை உறவை அமெரிக்க ஆய்வாளர்கள் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். அப்போது தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நிகழ்ச்சி நடத்துபவர் கேமராவைப் பார்த்து, எதிரே ஒரே ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோலப் பேசுகிறார். பார்ப்பவரும் மனத்துக்குள் பதில் சொல்கிறார். நாள் தவறாமல் அதே நேரத்துக்கு வரும் அந்த முகம், பக்கத்து வீட்டுக்காரரைவிட நம்பகமானதாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், கடன் கேட்பார், வீடு மாற்றிக்கொண்டு போவார். திரையில் வருபவர் இவற்றில் எதையும் செய்யமாட்டார். எனவே அவர் இறக்கும்போதுதான் அந்த உறவில் முதல் முறிவு ஏற்படுகிறது. அதுவே கடைசி முறிவும்கூட.

பழக்கத்தின் வலிமையை இரண்டு சாவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அறியலாம். 1921 செப்டம்பரில் சுப்பிரமணிய பாரதி திருவல்லிக்கேணியில் இறந்தபோது சுடுகாடு வரை போனவர்கள் மிகச் சிலரே. இருபது பேர்கூடத் தேறவில்லை என்பதைத் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணாதுரை இறந்தபோது சென்னைக்குத் திரண்ட கூட்டத்தை ஒன்றரைக் கோடி என்று கின்னஸ் புத்தகம் பதிந்தது. அன்றைய தமிழ்நாட்டின் மக்கள்தொகையே சுமார் நான்கு கோடி என்பதால் இந்தக் கணக்கை அப்படியே ஏற்பது கடினம். ஆனால் ரயில் பெட்டிகளின் கூரையில்கூட இடமில்லாத அளவுக்குக் கூட்டம் வந்ததும், அப்படிக் கூரையில் வந்தவர்களில் பலர் பாலத்தின் இரும்புச் சட்டத்தில் மோதி இறந்ததும் நடந்தவை. இந்த வேறுபாட்டுக்கு இருவரின் தகுதி காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அண்ணாவின் கரகரத்த குரலை ஊர் ஊராக மக்கள் நள்ளிரவு வரை விழித்திருந்து கேட்டிருந்தார்கள். அவர் எழுதிய வசனத்தைத் திரையரங்கில் கேட்டிருந்தார்கள். அவர் நடத்திய இதழ்கள் முடிதிருத்தும் கடை வரை போய்ச் சேர்ந்திருந்தன. பாரதியின் குரலோ ஒலிப்பதிவில்கூட இல்லை. அவருக்கான துக்கம் பின்னால் வந்தது, பாட்டு வழியாக.

பழக்கம் மட்டுமே காரணமென்றால் இன்னொரு கேள்வி எழும். பாடகர் இறந்தாலும் பாட்டு இருக்கிறது. நடிகர் இறந்தாலும் படம் இருக்கிறது. நேற்று வரை அவரிடமிருந்து ரசிகருக்குக் கிடைத்த எதுவும் இன்று குறைந்துவிடவில்லை. எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பர் 25 அன்று காலமானபோது அவர் பாடிய ஆயிரக்கணக்கான பாடல்களில் ஒன்றுகூட மறையவில்லை. அப்படியானால் இழந்தது என்ன? அதற்கு ஒரு மாதம் முன்னர், ஆகஸ்ட் 20 மாலை ஆறு மணிக்கு, திரையுலகத்தினரும் ரசிகர்களும் இருந்த இடத்திலேயே அவருடைய பாடல்களை ஒலிக்கவிட்டுக் கூட்டுப் பிரார்த்தனை செய்தார்கள். ஊரடங்குக் காலம் என்பதால் ஓரிடத்தில் கூட முடியவில்லை. அன்று ஒலித்த பாடல்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பாடகருக்குப் பிடித்ததைத் தேர்ந்திருக்க வாய்ப்பில்லை. தங்கள் கல்யாண வீட்டில் கேட்டதையும், கல்லூரிப் பேருந்தில் கேட்டதையும், இறந்துபோன அப்பா முணுமுணுத்ததையும்தான் தேர்ந்திருப்பார்கள். அந்தக் குரல் பலருடைய வாழ்க்கையின் ஆண்டுக் கணக்காக இருந்தது. குரலுக்குரியவர் உயிரோடிருக்கும் வரை அந்தக் கணக்கு முடியாமல் இருந்தது. அவர் போனதும் அந்த ஆண்டுகளும் முடிந்துபோனவையாகின்றன. சிக்மண்ட் ஃபிராய்டு 1917இல் துக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், மனிதர் ஒருவரை இழப்பது மட்டுமல்ல, நாடு, விடுதலை, கொள்கை போன்ற அருவமான ஒன்றை இழப்பதும் அதே துக்கத்தைத் தரும் என்றார். பிரபலமானவரின் சாவில் இந்த இரண்டு இழப்புகளும் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன.

யார் யாருக்காக வருந்துகிறார்கள் என்பதிலும் இது தெரியும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோஜர் பிரவுனும் ஜேம்ஸ் குலிக்கும் 1977இல் வெளியிட்ட ஆய்வு, கென்னடி கொலைச் செய்தியைக் கேட்ட கணம் மக்கள் நினைவில் எப்படி ஒளிப்படம்போலப் பதிந்திருந்தது என்பதை ஆராய்ந்தது. எங்கே நின்றோம், யார் சொன்னார்கள், அடுத்து என்ன செய்தோம் என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொலையைப் பொறுத்தவரை அத்தகைய நினைவு கறுப்பினத்தவரிடம் வெள்ளையரைவிட மிக அதிகமாக இருந்தது. செய்தி எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் யாருடைய நாளை மாறப்போகிறது என்பதில்தான் வேறுபாடு. இத்தகைய நினைவுகள் துல்லியமானவை என்று அவ்விரு ஆய்வாளர்களும் கருதினார்கள். அது சரியல்ல என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் எழுதி வாங்கிய விவரங்களைச் சில ஆண்டுகள் கழித்து அதே நபர்கள் மாற்றிச் சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள். இதிலிருந்து நினைவு பொய் என்று ஆகிவிடாது. அந்தச் செய்தியோடு தங்களைப் பிணைத்துக்கொள்ளும் வேலையை மனம் விடாமல் செய்துகொண்டிருக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும்.

துக்கத்துக்குள் அச்சமும் கலந்திருக்கிறது. மகாபாரதத்தில் யட்சன் தருமனிடம் உலகில் பெரிய வியப்பு எது என்று கேட்கிறான். நாள்தோறும் உயிர்கள் சாவதைப் பார்த்துக்கொண்டே எஞ்சியிருப்பவர்கள் தாங்கள் நிலையாக இருப்போம் என்று நம்புவதுதான் என்பது தருமன் சொன்ன விடையின் கருத்து. தெருவில் பிணம் போனால் வழிவிட்டு ஒதுங்குகிறவர் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுகிறார். அது இன்னொருவர் வீட்டுச் சாவு. பணமும் மருத்துவரும் உடற்பயிற்சியும் எல்லாமே வாய்த்த ஒருவர் இறக்கும்போது அப்படி மறக்க முடிவதில்லை. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று மாரடைப்பால் இறந்தபோது வயது 46. கட்டான உடல், அன்றைக்கும் உடற்பயிற்சி செய்தவர். அடுத்த சில நாட்களில் பெங்களூரு இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்கு வரிசை நீண்டது. வந்தவர்களில் இளைஞர்கள் பலர். அவர் கண்கள் தானமாக அளிக்கப்பட்ட செய்தி பரவி, கண்தானத்துக்குப் பதிவு செய்தவர் தொகையும் திடீரென உயர்ந்தது. ஒரே சாவு சிலரை இ.சி.ஜி. எடுக்கவும், சிலரைத் தங்கள் சாவுக்குப் பிந்தைய ஏற்பாட்டில் கையெழுத்திடவும் வைத்தது. நிலையாமையைப் பற்றிய நூறு சொற்பொழிவுகள் இதைச் செய்திருக்குமா என்பது ஐயமே.

இதுவரை சொன்னவை தனி மனத்துக்குள் நடப்பவை. கூட்டம் சேர்ந்து அழுவதற்கு வேறொரு விளக்கம் தந்தவர் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சாவுச் சடங்குகளை 1912இல் வெளியான நூலில் ஆராய்ந்த அவர், இறந்தவருக்கு இன்ன உறவினர் இன்ன அளவு தம் உடலைக் கீறிக்கொள்ளவேண்டும் என்று அங்கே விதியே இருந்ததைச் சுட்டினார். துக்கம் தானாகப் பொங்கி வருவதல்ல, குழு தன் உறுப்பினர் மேல் சுமத்தும் கடமை. ஓர் உறுப்பினரை இழந்த குழு ஒன்றுகூடி அழுவதன் மூலம் தன் பலத்தை மீட்டுக்கொள்கிறது என்பது அவர் வாதம். இதில் பாதி உண்மை உண்டு. வீட்டில் தனியே செய்தி கேட்டபோது வராத அழுகை, வரிசையில் நிற்கும்போது வருகிறது. ஆனால் மறுபாதியை அவர் விளக்கவில்லை. விதியே இல்லாத இடத்தில், யாரும் கேட்காமலே, ஏன் சிலர் தங்களை உறவினராக்கிக்கொள்கிறார்கள்?

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா இறந்தபின் கட்சித் தொண்டர்கள் நூற்றுக்கணக்கில் மொட்டை அடித்துக்கொண்டார்கள். தாய்க்கோ தந்தைக்கோ மகன் செய்யவேண்டிய காரியம் அது. பங்காளிகளுக்குக்கூட அந்த உரிமை எல்லா இடத்திலும் கிடையாது. உயிரோடிருந்தபோது அவருக்கு இருபது அடி தூரத்துக்குள் வந்திராத ஒருவர், நாவிதர் முன் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, மகனாகிவிடுகிறார். இதைத் தடுக்க யாராலும் முடியாது; ஒப்புக்கொள்ள இறந்தவரும் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒருதலையாக இருந்த உறவு சடங்கின் மூலம் முதல்முறையாக ஊரறிய நிலைபெறுகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வட்டச் செயலாளர் பந்தல் போட்டுச் சோறு போடுவதும் இதன் தொடர்ச்சி. அதில் அரசியல் கணக்கும் உண்டு என்பது உண்மையே. எந்தச் சாவு வீட்டில்தான் கணக்கு இல்லை?

சடங்குக்கு வழி கிடைக்காதபோது துக்கம் கோபமாகத் திரும்பும். இளவரசி டயானா 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸில் விபத்தில் இறந்தார். கென்சிங்டன் அரண்மனை வாசலில் பூங்கொத்துகள் குவிந்துகொண்டிருக்க, அரச குடும்பம் ஸ்காட்லாந்தில் இருந்தது; பக்கிங்ஹாம் அரண்மனையில் கொடி அரைக்கம்பத்தில் இல்லை. அரசி இல்லாதபோது அங்கே கொடியே பறக்காது என்பது அதுவரையிலான நெடுநாள் மரபு. மக்கள் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. நாளேடுகள் அரசியைக் குற்றம் சாட்டின. கடைசியில் அவர் லண்டன் திரும்பி, செப்டம்பர் 5 அன்று தொலைக்காட்சியில் நேரலையாகப் பேச நேர்ந்தது. மறுநாள் இறுதிச் சடங்கின்போது தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. குடும்பத்தின் துக்கத்தைவிட ஊரின் துக்கம் முன்னுரிமை கோரியதும், அதைப் பெற்றதும் அந்த வாரத்தில் நடந்தன.

சமயங்கள் இந்த வேகத்தை அறிந்தே இருக்கின்றன. தங்கள் நிறுவனரின் சாவையே அவை கையாள வேண்டியிருந்தது. மகாபரிநிப்பான சுத்தம் என்னும் பௌத்த நூல் புத்தரின் கடைசி நாட்களை நுணுக்கமாகச் சொல்கிறது. சீடர் ஆனந்தர் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். புத்தர் அவரை அழைத்து, பிறந்தது எதுவும் அழியாமல் இருக்குமா என்று ஆறுதல் சொல்லி, அவர் செய்த பணிவிடையைப் புகழ்கிறார். அழுததற்காகக் கடிந்துகொள்ளவில்லை. புத்தர் மறைந்தபின், பற்று நீங்காத துறவிகள் தரையில் விழுந்து புரண்டார்கள், பற்று நீங்கியவர்கள் அமைதியாக இருந்தார்கள் என்று சுத்தம் இரு தரப்பையும் பதிகிறது. முதுமையில் துறவு பூண்ட சுபத்தர் என்ற ஒருவர், இனி நம்மைக் கட்டுப்படுத்த ஆளில்லை, எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டதையும் அது மறைக்கவில்லை. பெருந்தலைவர் ஒருவர் போகும்போது உள்ளூர நிம்மதி அடைகிறவரும் கூட்டத்தில் உண்டு என்பதை இவ்வளவு பழைய நூல் ஒன்று எழுதிவைத்திருப்பது வியப்புக்குரியது. புத்தர் மறைந்த குசிநாராவின் மல்லர் குலத்தார் ஆறு நாள் ஆடலும் பாடலும் மாலையுமாக உடலைப் போற்றி, ஏழாம் நாள் எரியூட்டினார்கள். பிறகு எலும்புகளுக்காகச் சண்டை வரும் நிலை. எட்டுத் தரப்பினர் பங்கு கேட்டுத் திரள, துரோணர் என்ற அந்தணர் எட்டாகப் பிரித்துக் கொடுத்துப் போரைத் தவிர்த்தார். உடலைப் பற்றிய கவலை இல்லறத்தாருக்குரியது, துறவிகள் தங்கள் பயிற்சியைப் பார்க்கட்டும் என்று புத்தர் முன்பே சொல்லியிருந்தார். துக்கப்பட ஓர் இடமும், துக்கத்திலிருந்து விலகி நிற்க ஓர் இடமும் ஒரே சமயத்தில் ஒதுக்கப்பட்டன.

இஸ்லாமிய மரபு இன்னும் கூர்மையாக ஒரு கோடு போடுகிறது. முகம்மது நபியின் குழந்தை இப்ராகிம் இறந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அந்தச் சாவுக்காகத்தான் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சூரியனும் சந்திரனும் எவருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் மறைக்கப்படுவதில்லை என்று நபி மறுத்தார். அதே குழந்தைக்காக அவர் கண்ணீர் விட்டதும் மரபில் பதிவாகியுள்ளது. கண்ணீருக்குத் தடையில்லை, வானத்தை அதில் இழுப்பதுதான் கூடாது. 632இல் நபியே மறைந்தபோது அவர் தோழர் உமர் அதை நம்ப மறுத்து, மறைந்தார் என்று சொல்பவரை அச்சுறுத்தினார். மற்றொரு தோழர் அபூபக்கர் வந்து, முகம்மதை வணங்கியவர்களுக்கு அவர் இறந்துவிட்டார், இறைவனை வணங்குபவர்களுக்கு இறைவன் சாவதில்லை என்ற பொருளில் பேசியபின்தான் உமர் தளர்ந்தார். துக்கம் காக்கும் காலம் மூன்று நாள், கணவனை இழந்தவளுக்கு மட்டும் நான்கு மாதம் பத்து நாள் என்ற வரையறையும் அந்த மரபில் உண்டு. சவுதி அரேபிய மன்னர் அப்துல்லா 2015 ஜனவரியில் இறந்தபோது, பெயர்ப் பலகைகூட இல்லாத சாதாரணக் குழியில் அன்றே அடக்கம் செய்யப்பட்டார். எண்ணெய் வளம் மிக்க நாட்டின் மன்னருக்கு ரியாத்தின் பொது மையவாடியில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

வானத்தை இழுக்கும் ஆசை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதல்ல. ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14 இரவு திருவண்ணாமலையில் மறைந்த வேளையில் ஒளிமிக்க எரிகல் ஒன்று வானில் சென்றதைப் பலர் கண்டார்கள். அப்போது அங்கிருந்த பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெசோனும் அவர்களில் ஒருவர். எரிகல் உண்மையாகவே இருக்கலாம். அதற்கும் மறைவுக்கும் தொடர்பு உண்டா என்பதில்தான் நம்புகிறவரும் நம்பாதவரும் பிரிகிறார்கள். ரமணரோ உடல் போவதை ஒரு போக்காகவே கருதவில்லை. தாம் எங்கும் போகப்போவதில்லை என்றே அழுத அடியார்களிடம் சொல்லிவந்தார். இறந்தவருக்காகவும் இருப்பவருக்காகவும் அறிந்தவர் வருந்துவதில்லை என்னும் கீதையின் நிலைப்பாடும் இதுவே. ஆனால் இத்தகைய பேச்சு, பற்றற்ற ஞானிக்குச் சொல்லப்பட்டதா, பற்றோடு நிற்கும் அடியாருக்குச் சொல்லப்பட்டதா என்று பார்த்தால், அர்ச்சுனனும் அடியாரும் இரண்டாம் வகையினர்தான். வருத்தம் இருப்பதால்தான் அந்த உபதேசமே தேவைப்பட்டது.

கிறிஸ்தவச் சிந்தனையில் இந்தக் கேள்வியை மிக அருகில் போய்ப் பார்த்தவர் அகுஸ்தீன். தம் வாழ்வைச் சொல்லும் நூலில் மூன்று அழுகைகளை அவர் ஆராய்கிறார். இளம் வயதில் லத்தீன் காவியத்தில் வரும் தீதோ என்ற அரசியின் தற்கொலைக்காக அழுததை நினைத்து வெட்கப்படுகிறார்: கதையில் வருபவளுக்கு அழுத தாம், தம் ஆன்மா செத்துக்கொண்டிருப்பதற்கு அழவில்லையே என்று. பிறகு நண்பர் ஒருவரின் சாவு. சாகப்போகும் மனிதனைச் சாகாதவன்போல நேசித்துவிட்டோம் என்பது அங்கே அவர் கண்ட பிழை. மூன்றாவது தாய் மோனிகாவின் சாவு. அடக்கிவைத்துப் பிறகு அழுதேவிட்டார், அதற்காக மன்னிப்பும் கேட்கிறார், ஆனால் முதல் அழுகைக்குக் காட்டிய கடுமை இங்கே இல்லை. பிரபலங்களுக்கான துக்கம் இந்த மூன்றுக்கும் நடுவே எங்கோ விழுகிறது. பாதி கதாபாத்திரம், பாதி நண்பர், சிலருக்குத் தாய். அகுஸ்தீன் தம்மைத் திட்டிக்கொண்டது அழுததற்காக அல்ல, நேசிப்பின் அளவு பிசகியதற்காக. மற்ற மரபுகளின் எச்சரிக்கையும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகிறது. இறந்தவரை மனிதராக வைத்து அழுவது சரி. அவர் சாகாதவர், அவரின்றி உலகம் இயங்காது என்று எண்ணி அழுதால் துக்கத்துக்குக் கரையே இல்லை.

அளவைப் பற்றி அறவியல் எழுப்பும் மறுப்பும் உண்டு. பெயரில்லாமல் சாகும் ஆயிரம் பேருக்கு ஒரு துளிகூட இல்லாத கண்ணீர், பெயர் பெற்ற ஒருவருக்கு வெள்ளமாக ஓடுவது நியாயமா? 1997 செப்டம்பர் 5 அன்று, டயானாவின் அடக்கத்துக்கு முதல் நாள், கொல்கத்தாவில் அன்னை தெரசா இறந்தார். இரண்டு சாவுகளுக்கும் கிடைத்த கவனத்தை ஒப்பிட்டு அப்போதே உலகெங்கும் எழுதினார்கள். ஒப்பீடு எளிது, முடிவு அவ்வளவு எளிதல்ல. முதிய வயதில், செய்யவேண்டியதைச் செய்து முடித்த ஒருவரின் சாவும், 36 வயதில் இரண்டு சிறுவர்களை விட்டுவிட்டு நேர்ந்த விபத்துச் சாவும் எந்தக் குடும்பத்திலும் ஒரே மாதிரி அழப்படுவதில்லை. துக்கம் தகுதிக்குத் தரும் மதிப்பெண் அல்ல. எனினும் மறுப்பில் ஒரு முள் இருக்கிறது. துக்கத்தைத் தகுதியோடு குழப்பிக்கொள்வது பொதுமக்கள்தான். அதிகம் அழப்பட்டவர் அதிகம் உயர்ந்தவர் என்ற கணக்கில் இறந்தவரின் குற்றங்கள் ஒரே வாரத்தில் கழுவப்படுகின்றன. அவர் செயலால் பாதிக்கப்பட்டவர்கள் அந்த வாரத்தில் வாய் திறக்க முடியாது. இந்த அநீதியைக் கண்ணீரின் தலையில் கட்டமுடியாது. கண்ணீரைச் சான்றிதழாக மாற்றுபவர்கள்தான் அதற்குப் பொறுப்பு.

தீங்கு இதோடு நிற்பதில்லை. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று இறந்தபோது கடைகள் சூறையாடப்பட்டன, உயிர்ச்சேதம் ஏற்பட்டது, தமிழ்நாட்டின் பல ஊர்களில் ரசிகர்கள் தற்கொலை செய்துகொண்டனர். தற்கொலைச் செய்தி பெரிதாக வெளியானால் அதைத் தொடர்ந்து தற்கொலைகள் கூடுகின்றன என்பதை டேவிட் ஃபிலிப்ஸ் 1974இல் புள்ளிவிவரத்தோடு காட்டினார். பிரபலம் தற்கொலை செய்துகொண்டால் ஆபத்து இன்னும் கூடும். முறையையும் இடத்தையும் விவரிக்காதீர்கள், அதைத் தியாகமாகவோ தீர்வாகவோ காட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு வழிகாட்டுவது இதனால்தான். தமிழ்நாட்டில் கட்சிகள் இதற்கு நேரெதிராக நடந்திருக்கின்றன. 2016இல் ஜெயலலிதா மறைந்த அதிர்ச்சியில் இறந்தவர்கள் என்று பட்டியலிட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 3 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. நாள்தோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இயல்பாகவே இறக்கும் மாநிலத்தில், மாரடைப்பு வந்த யாருடைய சாவையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடலாம். தலைவரின் சாவு தொண்டரின் சாவையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. அதைப் பக்தியின் அளவுகோலாக்குவதைவிடக் கொடியது வேறில்லை.

எல்லாத் தலைவர்களின் சாவும் இப்படித் திரும்புவதில்லை. அப்துல் கலாம் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடையே பேசிக்கொண்டிருக்கையில் சரிந்து விழுந்து இறந்தார். ஜூலை 30 அன்று ராமேசுவரத்தை அடுத்த பேக்கரும்பில் லட்சக்கணக்கானோர் கூடியும் அமைதி குலையவில்லை. அவருக்குக் கட்சி இல்லை. அவர் இறந்ததால் பதவியோ சலுகையோ இழப்பவர் யாருமில்லை. சாவில் யாருக்கு என்ன போகிறது என்ற அச்சம் இல்லாத இடத்தில் துக்கம் துக்கமாகவே இருக்கிறது.

அழுகை ஓய்ந்தபின் எஞ்சுவது இடம். போரில் இறந்த வீரனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் கல்லைத் தேடுவதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு நிலைகளாகப் பிரித்துச் சொல்கிறது. சென்னை மெரினாக் கடற்கரையில் 1969 முதல் தலைவர்களுக்கு நினைவிடம் எழுப்பப்படுவது அதன் தொடர்ச்சி என்று சொல்லலாம். 2018 ஆகஸ்ட் 7 அன்று கருணாநிதி இறந்தபோது மெரினாவில் இடம் கேட்டு இரவோடிரவாக உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. மறுநாள் காலை தீர்ப்பு வந்த பிறகே குழி வெட்டப்பட்டது. சில அடி மண்ணுக்காக நடந்த வழக்கு என்று அதை இகழ்ந்தவர்கள் குசிநாராவை மறந்தவர்கள். எம்.ஜி.ஆர். சமாதியில் பார்வையாளர்கள் கல்லின் மேல் காதை வைத்து, அவர் கைக்கடிகாரத்தின் ஓசை கேட்கிறதா என்று பார்ப்பது இன்றும் உண்டு. கேட்பவர்களில் பலர் 1987க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் முகத்தில் துக்கம் கிடையாது, சிரிப்பும் ஆவலும்தான்.

தலைமுறை மாறும்போது இப்படித்தான் ஆகிறது. சமயங்கள் அந்த மாற்றத்துக்கு முன்கூட்டியே வழி செய்துவைத்தன. நாயன்மார்களின் குருபூசை, நாகூர் கந்தூரி, புனிதர்களின் திருநாள் எல்லாம் பெரும்பாலும் இறப்பு நாளை ஒட்டியவை; ஆனால் அங்கே யாரும் அழுவதில்லை, கொடியேற்றமும் அன்னதானமும் கடைவீதியும்தான். அரசுகளுக்கு அந்தக் கலை முழுதாகக் கைவரவில்லை. கன்னியாகுமரியில் காந்தியின் அஸ்தி வைக்கப்பட்ட இடத்தில் எழுந்த மண்டபம், அவர் இறந்த நாளை விட்டுவிட்டு, பிறந்த நாளான அக்டோபர் 2 நண்பகல் வெயில் அந்த இடத்தில் விழுமாறு கட்டப்பட்டது. அந்த நாளில் சுற்றுலாக் கூட்டம் நிறைகிறது. அவர் சுடப்பட்ட ஜனவரி 30க்குக் கிடைத்திருப்பது காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். அரசு அலுவலகங்களில் அது சுற்றறிக்கைப்படி கடைப்பிடிக்கப்படுகிறது. எழுந்து நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வேலை நேரத்தில் வந்துபோகும் ஒரு கடமை.